கக்கத்தில் இருப்பது

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜீப்புகளுக்கு சீட்டும் படுதாவும் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார் ஒரு அக்கா. அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு வியர்த்துவிடும். வியர்க்கிற இடத்தில் கையை விட்டுப் பார்த்தால் அங்கே ஒரு தோல் பை இருக்கும்.

சினிமாவில் துப்பறியும் அதிகாரிகள் தோளில் பட்டி மாட்டி, இடது கக்கத்துக்குக் கீழே துப்பாக்கி செருகியிருப்பார்களே, அந்த மாதிரி உறைதான் அது. ஊரில் அதற்கு ‘கக்கப் பை’ என்று பெயர். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் பட்டி அறுந்த பழைய உறை ஒன்றைத் தைத்துத் தரும்படி அக்காவிடம் கொடுத்திருக்கிறார். அக்கா அதைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து, இரண்டு நாளில் அதே மாதிரி இன்னொன்று செய்துவிட்டார். ராணுவக்காரர் வந்தபோது எது தன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதைத் தான் வைத்துக்கொண்டார். பழையதில்தான் வேலைப்பாடு நன்றாக இருந்ததாம்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். விடியும்போது பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவது என் பிழைப்பு. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். என் நாக்குக்குப் பிரேக் கிடையாது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். உண்மைதான். அடுத்தவர் விஷயம் ஒன்று காதில் விழுந்துவிட்டால், அதை முந்தல் செக்போஸ்ட் தாண்டுவதற்குள் யாரிடமாவது இறக்கி வைத்தாக வேண்டும். இல்லையென்றால் வயிறு உப்பிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட எனக்கு, ஊர் ரகசியம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட வெளியே விடாத அக்கா எதிர்க்கடைக்காரியாக வாய்த்தது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். ஜீப் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் அவர் கடை நேராகத் தெரியும்.

ரகசியம் எப்படி அவர் கைக்கு வந்தது என்றால், அது அந்தத் தோலின் குணம். தோலை முதலில் தண்ணீரில் ஊறப் போடுவார். ஊறிய தோல் மாவு மாதிரி குழைந்து கொடுக்கும். பையில் எதை வைக்கப் போகிறோமோ அந்தப் பொருளையே பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, வழவழப்பான மரக் கரண்டிக் காம்பு ஒன்றால் விளிம்பு விளிம்பாக அழுத்துவார். பிறகு இரண்டு நாள் நிழலில் காய வேண்டும். காய்ந்ததும் பொருளை உருவிவிட்டாலும் தோல் அந்த வடிவத்தை மறக்காது. தலைகீழாகப் பிடித்தாலும் உள்ளே இருப்பது விழாது. பட்டியெல்லாம் பிறகு, எட்டு என்று எழுதியது போல முதுகில் குறுக்கே வரும்படி தைப்பார்.

ஆகவே அவரிடம் பை வேண்டும் என்று போனால், முதல் பேச்சே இதுதான்.

“பொருளைக் கொண்டா.”

“அளவு சொல்றேன்க்கா. இம்புட்டு நீளம், இம்புட்டு அகலம்...”

“அளவு எனக்கெதுக்கு? பொருளைக் கொண்டா. ரெண்டு நாளு என்கிட்ட இருக்கும். என்னான்னு நான் கேக்க மாட்டேன், யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். ஆனா என்கிட்டப் பொய் சொல்லாத.”

நான் பொய் சொன்னேன். எனக்கு ஒரு பை வேண்டும், லைசென்ஸும் ஆர்.சி. புத்தகமும் வைக்க என்று அந்த இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். தைத்துக் கொடுத்தார். அருமையான பை. ஆனால் நான் வைக்க நினைத்திருந்த குவாட்டர் பாட்டிலின் கழுத்துகூட அதற்குள் நுழையவில்லை. கொஞ்சம் தளர்த்தித் தர முடியுமா என்று போய் நின்றேன்.

“ஏன் அப்பு, லைசென்சு குண்டாயிருச்சா?” என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பையில் இன்றுவரை லைசென்ஸ்தான் இருக்கிறது.

அக்கா சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார், தோட்டத்துக்குப் போகிற பெண்களைப் போல. அந்தச் சட்டைக்குள் அவருக்கும் ஒரு பை உண்டு. அதில் என்ன இருக்கிறது என்பது பற்றி ஸ்டாண்டில் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. புருஷன் போட்டோ என்றான் ஒருத்தன். அவர் புருஷனைப் பற்றி மூன்று கதைகள் உண்டு. சவுதியில் இருக்கிறார், செத்துப்போய்விட்டார், உள் அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். மூன்றையும் சொன்னது அக்காதான், கேட்கிற ஆளைப் பொறுத்து.

ஊரில் முதலில் கக்கப் பையைப் பிடித்துக்கொண்டவர்கள் என் ஜீப்பில் வரும் பெண்கள். மலையில் நூல் மழை ஆரம்பித்தால் நிற்காது. ரப்பர் தாளைப் போர்த்திக்கொண்டு செடி அடியில் குனிந்து காய் எடுக்கும்போது, மடியில் கட்டிய செல்போன் சேற்றில் விழும், இல்லையென்றால் நனையும். கக்கத்தில் இருந்தால் நனையாது, விழாது. இன்னொரு சௌகரியமும் இருந்தது. வேலை நேரத்தில் போன் கூடாது என்று சூப்பர்வைசர் மடியைத்தான் பார்ப்பார். மணி அடிக்காமல் கக்கத்தில் கிர்ரென்று அதிர்ந்தால், செடி மறைவில் கையை உள்ளே விட்டு, “ம்... சொல்லு... குழம்பைச் சூடு பண்ணிக்க” என்று பேசிவிடலாம். கக்கத்தைப் பிடித்தபடி ஐந்தாறு பெண்கள் ஒரே சமயத்தில் நின்றதைப் பார்த்து அந்த மலையாளத்து சூப்பர்வைசர், “எந்தா சேச்சி, எல்லாவர்க்கும் நெஞ்சு வேதனையா?” என்று பயந்துபோய் அன்று அரை மணி முன்னதாகவே அனுப்பிவிட்டார்.

ஏலக்காய் ஏலத்துக்கு வரும் ஒரு வியாபாரி வைத்திருந்த பையின் ரகசியத்தை நானாகவே கண்டுபிடித்தேன். அவர் வீட்டில் கவிச்சி வாடையே கூடாது. ஒருநாள் அவர் கார் கெட்டுப்போய் என் ஜீப்பில் முன்சீட்டில் ஏறினார். வளைவில் கேரளத்து லாரி ஒன்று குறுக்கே வர, நான் பிரேக்கை மிதிக்க, அவர் போய்க் கதவில் இடித்தார். நச்சென்று ஒரு சத்தம். பிறகு ஒரு வாசனை. இரண்டு அவித்த முட்டை! தோலை முட்டை வடிவத்துக்கே அழுத்தி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு குழி வைத்துத் தைத்திருக்கிறார் அக்கா.

அன்று மதியமே போய் நின்றேன். “யக்கா, அது முட்டைன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு.”

“எது முட்டை?”

“அந்த வியாபாரி பையி.”

“எந்த வியாபாரி?” என்று ஊசியில் நூலைக் கோத்தார். “போயி சோலியப் பாரு. உளுந்த வடை வாங்கியாந்தா திங்கிறேன், வாயத் தொறக்க மாட்டேன்.”

வாயைத் திறக்காமல் வடையை எப்படித் தின்பார் என்று பார்ப்பதற்காகவே வாங்கிக்கொண்டு போனேன். நான்கு வடை போயிற்று. ஒரு வார்த்தை வரவில்லை. ஒருவரது ரகசியத்தை வைத்திருக்கும் ஆள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டால் நமக்கும் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா அப்படி இல்லை. உதட்டோரம் சிரிப்பு துடிக்கும், கண் மின்னும், தோள் குலுங்கும். ஆனால் வாய் திறக்காது. என்னைப் போன்ற ஆளுக்கு அது சித்திரவதை.

இப்போது முதலாளி விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே ஏலத் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி. எங்கள் ஸ்டாண்டில் பாதி ஜீப்புகளுக்கு அவர் தோட்டத்து ட்ரிப்புதான் கஞ்சி ஊற்றியது. ஆள் வாட்டசாட்டம், மீசை, அதிகம் பேச மாட்டார். ஒருநாள் சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருந்தபோது தோள்பட்டி வெளியே தெரிந்துவிட்டது. கக்கத்தில் புடைப்பும் தெரிந்தது. மறுநாளே மலை முழுக்கச் செய்தி: முதலாளி பிஸ்டல் வைத்திருக்கிறார். பரப்பியது யார் என்று கேட்க வேண்டுமா?

அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஒருமுறை காய் எடை போடும் இடத்தில் தகராறு. பெண்கள் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். முதலாளிக்கு முகம் சிவந்தது, மூச்சு வாங்கியது, சட்டென்று கையைச் சட்டைக்குள் விட்டார். அவ்வளவுதான், கூட்டம் நாலடி பின்னால் போய்விட்டது. அவர் என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாவம், கோபத்தை அடக்கிக்கொண்டு போய்விட்டார், தங்கமான மனுஷன் என்று நானே பத்து பேரிடம் சொன்னேன். எடையையும் அன்றே சரிபண்ணச் சொல்லிவிட்டார். அதனால் பிஸ்டல் மேல் எல்லாருக்கும் ஒரு மரியாதை இருந்தது.

அப்புறம் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். காட்டுப் பன்றி விரட்ட வைத்திருக்கும் குழல் துப்பாக்கிகளைத் தோளில் போட்டுக்கொண்டு விவசாயிகள் வரிசையில் நிற்பார்கள். முதலாளியும் தன் ரெட்டைக் குழல் துப்பாக்கியை முதல் நாளே ஒப்படைத்துவிட்டார்.

மலை அடிவாரத்தில் வண்டிச் சோதனை. எங்கள் ஜீப்பை நிறுத்தி, பெண்களை இறக்கி, ஒவ்வொரு தூக்குச்சட்டியையும் திறந்து பார்த்தார்கள். அன்று ஏற்கெனவே தாமதம். தாமதமானால் அரை நாள் கூலி போய்விடும் என்று பெண்கள் என்னைத் திட்டினார்கள். நோட்டில் வண்டி நம்பர் எழுதுவதற்காக என்னைத் தனியே கூப்பிட்டார்கள். எரிச்சலில் இருந்தேன். என் நாக்கு கியரைத் தட்டிவிட்டது.

“புளிச்சோத்துல என்னத்தைய்யா தேடுறீக? கக்கத்துல பிஸ்டலை வச்சுக்கிட்டு ஒரு மொதலாளி இதே ரோட்டுலதான் காருல போறாரு. அவரை நிப்பாட்டிப் பாருங்க!”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். “எந்த மொதலாளி?”

சொல்லிவிட்டேன். சொன்னதும் வயிறு லேசானது. வளைவுகளில் ஏற ஏற மறுபடியும் கனத்தது.

இரண்டாம் நாள், முதலாளியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பை யாருடைய வேலைப்பாடு என்று விசாரிக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. காலை பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் அக்கா கடைக்கு வந்து, “இன்ஸ்பெக்டர் கூப்பிடுறாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். லைசென்ஸ் இல்லாத கைத்துப்பாக்கிக்கு உறை தைத்துக் கொடுத்தவள் என்று அக்காவையும் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். நானே அக்காவை என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். குற்றம் செய்தவன் காட்டும் உபசாரம் தனிதான். சீட்டைத் துடைத்துவிட்டேன், குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

“யக்கா, என்னான்னு கேட்டா உள்ளதைச் சொல்லிருங்க. நமக்கெதுக்கு வம்பு?”

“உள்ளது அவுகளுது. நான் எப்பிடிச் சொல்ல?” என்றார். “அந்த மருந்துக் கடையில ஒரு நிமிசம் நிப்பாட்டு. தலை வலிக்குது.”

இறங்கிப் போய் ஏதோ வாங்கி மடியில் முடிந்துகொண்டு வந்தார்.

ஸ்டேஷனில் அவர் உள்ளே போக, நான் ஜீப்பை நிழலில் நிறுத்திவிட்டு, அவருக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் ஓரம் நின்றேன். உள்ளே மேஜை மேல் முதலாளியின் பை கிடந்தது. காலியாக இருந்தது. முதலாளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாசலில் அவருடைய தம்பி. அண்ணனுக்கு வயதாகிவிட்டது, மலை ஏற முடியாதவனுக்கு ஏலத் தோட்டம் எதற்கு, எனக்குப் பிரித்துக் கொடு என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி.

இன்ஸ்பெக்டர் தன் இடுப்பிலிருந்த ரிவால்வரை எடுத்து அந்தப் பைக்குள் நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. குழல் முனையோடு நின்றுவிட்டது.

“சின்னத் துப்பாக்கி,” என்றார். “அப்ப கள்ளத் துப்பாக்கி. இந்த ‘ட’ வடிவத்தைப் பாத்தாலே தெரியுதே. எங்க அது?”

முதலாளி தம்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்கம்மா. எதை வச்சு அழுத்துனீங்க?”

“தோல் என்னுது, தையல் என்னுது. அதுல தப்பு இருந்தா என்னையக் கேளுங்க, ஐயா. உள்ள வைக்கிறதைப் பத்தி நான் பேசுறதில்ல.”

“பேசலைன்னா உங்க மேலயும் கேஸ் எழுத வேண்டியிருக்கும்.”

“எழுதுங்க. ஆனா நாலு மணிக்குள்ள விட்ருங்க. ஒரு தோலை ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன். ரொம்ப ஊறினா வீணாப் போயிரும்.”

அந்த நேரத்தில்தான் முதலாளியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவுக் கீல் கிறீச்சிடுவது போல மெல்லிய சத்தம். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கை தானாகக் கக்கத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பிக்குத் தெரியாமல் மூச்சு விடப் பார்த்தார். அப்படியெல்லாம் மூச்சு விட முடியுமா? உதடு நீலம் பாய ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

திடீரென்று அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “ஐயா... எனக்கு இழுப்பு... இந்தப் பழைய பேப்பரு தூசி...” என்று ஊரே கேட்கும்படி இழுத்தார். நாடகத்தில்கூட யாரும் அப்படி இழுத்து நான் பார்த்ததில்லை. மடியை அவிழ்த்தார். நீலக் கலரில், ‘ட’ போல மடங்கிய, இழுப்புக்காரர்கள் வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர். வாயில் வைத்து, அமுக்காமல், சும்மா ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். உடனே குணமாகிவிட்டார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து முதலாளியிடம் நீட்டினார்.

“அண்ணே, உங்க மூஞ்சியும் ஒரு மாதிரி இருக்கு. ஸ்டேசன் தூசி யாருக்கு ஒத்துக்கும்? இந்தாங்க, ரெண்டு இழுப்பு இழுங்க. தைலம் மாதிரிதேன், எல்லாருக்கும் நல்லது.”

முதலாளி பிடுங்காத குறையாக வாங்கினார். நாலு குலுக்குக் குலுக்கினார். மூச்சை முழுக்க வெளியே விட்டார். வாயில் வைத்து, அமுக்கி, இழுத்து, கண்ணை மூடி, பத்து எண்ணும் நேரம் அடக்கினார். பல வருஷம் செய்து பழகிய கை அது. முதன்முறை தைலம் முகருகிறவனுடைய கை இல்லை. தம்பி கண்ணில் படக் கூடாதென்று தன்னுடையதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். அதைவிட நல்லவர். வாசலில் நின்ற தம்பியைப் பார்த்து, “வெளியில போயி உக்காருங்க,” என்றார். கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொல்ல மறந்துவிட்டார். முதலாளி கையிலிருந்ததை வாங்கி மேஜைமேல் கிடந்த பைக்குள் வைத்தார். அது வீட்டுக்குப் போவது மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். விழவில்லை.

அக்காதான் முதலில் பேசினார்.

“ஐயா, நான் ஒண்ணும் சொல்லல. நீங்களா கண்டுபிடிச்சீக.”

“நீங்க ஒண்ணும் சொல்லலம்மா,” என்று இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். அவர் தோளும் குலுங்கியது. உறையில் ஆயுதம் எதுவும் வைக்கப்படவில்லை என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று தம்பி கேட்டதற்கு, “உங்க அண்ணனைக் கேளுங்க,” என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது அக்கா முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தேன்.

“எந்த நாயி போயிப் போலீஸ்ல சொன்னுச்சுன்னு தெரியலையேக்கா! அவன் நாக்கு அழுகிப் போகும்.”

“ஆமா அப்பு. யாரா இருக்கும்ங்கிற?”

“ஸ்டாண்டுலயே ஒருத்தன் இருக்கான்க்கா...” என்று எனக்கு ஆகாத ஒரு டிரைவரைக் கை காட்டினேன்.

“சேச்சே. அவன் கொட்டாவி விடக்கூட வாயத் தொறக்க மாட்டான். வேற யாராவது சொல்லு.”

வேறு இரண்டு பேரைச் சொன்னேன். இன்னும் நல்லாத் திட்டு, மனசு ஆறட்டும் என்றார். நானும் கடை வரும்வரை திட்டினேன்.

முதலாளியின் இழுப்பு பற்றி நான் எழுதக் காரணம், அது இப்போது ரகசியம் இல்லை. அவர் மகள் கல்யாணத்தில் ஹோமப் புகை மண்டபம் முழுக்கச் சூழ்ந்துகொண்டபோது, அவர் தாங்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிச் சட்டைக்குள் கையை விட்டார். அடுத்த தூணுக்குப் பக்கத்தில் தம்பியும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கையை விட்டார். இரண்டு பேரும் உறிஞ்சி முடித்துத் திரும்பியபோது ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். ஒரு தகப்பன் பிள்ளைகள், ஒரே நெஞ்சு, கக்கத்தில் ஒரே மாதிரி பை. அன்றிலிருந்து தோட்டத்தைப் பிரிக்கும் பேச்சு இல்லை. இரண்டு பேருக்கும் தைத்துக் கொடுத்த அக்கா பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

நானும் அந்தத் தேர்தல் சமாச்சாரத்தை ஏறக்குறைய மறந்துவிட்டேன். என் வயிற்றிலேயே செரித்துப்போன ஒரே ரகசியம் அதுதான் என்று பெருமைகூட இருந்தது.

ஒருநாள் போடிமெட்டுக்கு டூட்டிக்குப் போக ஒரு போலீஸ்காரர் என் ஜீப்பில் ஏறினார். அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்தவர். பேச்சு அங்கே போனது.

“அந்தம்மா கில்லாடிய்யா. உள்ள வந்ததுமே, மொதலாளியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே, இன்ஸ்பெக்டர் என்னா சொன்னாரு தெரியுமா? ‘உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காரே ஜீப்புக்காரரு, அவரே செக்போஸ்ட்டுல சொல்லிட்டாரு, அப்பறம் நீங்க ஏன் மறைக்கணும்?’ன்னாரு. உன் பேரைச் சொல்லித்தான் கேட்டாரு. அதுக்கும் அந்தம்மா கண்ணைக்கூடச் சிமிட்டலையே!”

அது நான் டீ வாங்கப் போயிருந்த நேரம். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அன்று ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் நான் என்னையே நாய் என்று திட்டியிருக்கிறேன். என் நாக்கு அழுகிப் போக வேண்டும் என்று நானே சாபம் விட்டிருக்கிறேன். அத்தனையும் தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஸ்டாண்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ஜீப்பை வரிசையிலிருந்து தள்ளிவிட்டிருப்பார்கள். முதலாளி காதில் விழுந்திருந்தால் ட்ரிப்பு போயிருக்கும், என் பிழைப்பு போயிருக்கும். அவர் சொல்லவில்லை. ஒரு வருஷமாக உதட்டோரச் சிரிப்போடு எனக்கு சீட்டு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யார் யாருடைய ரகசியம் அவரிடம் இருக்கிறது என்று ஊரெல்லாம் துருவிய நான், என்னுடையது அவரிடம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் மதியம் கடைக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“யக்கா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லாத.”

“இல்லக்கா. அன்னைக்குச் செக்போஸ்ட்டுல...”

“அப்பு,” என்றார், தலையைத் தூக்காமல். “நீ சொன்னாத்தேன் எனக்குத் தெரியும். தெரிஞ்சா நான் கோவப்படணும். கோவப்பட்டா உன் ஜீப்புக்கு நான் படுதா தைக்கக் கூடாது. மழைக்காலம் வருது, பொம்பளைக நனைஞ்சுக்கிட்டுப் போகும். இம்புட்டையும் யாரு பாக்குறது? இந்தா, வெரசா இந்த நூலைப் பிடி.”

பிடித்தேன். மெழுகு தடவிய நூல். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் ஏறிட்டே பார்க்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றது. தோட்டத்துக்குப் போகிற பெண்தான், ஆனால் என் ஜீப்பில் வருவதில்லை. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள். என்னைப் பார்த்ததும் அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு தயங்கியது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், “அவன் நம்ம ஆளுதேன். பயப்படாம பொருளைக் கொண்டா,” என்றார்.

நான் நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்து, கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பெண் போகும்வரை ரோட்டைப் பார்த்தபடி நின்றேன்.